மின்சாரம் வரும் வழி

சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. மோட்டாரைப் போடுகிறோம். தண்ணீர் கொட்டுகிறது. இந்த மின்சாரம் எங்கே பிறந்தது? எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது? நாம் அதை அதிகம் யோசிப்பது இல்லை. கரண்ட் போனால்தான் யோசிக்கிறோம்.

நெல்லை மூட்டையில் கட்டி வைக்கலாம். உப்பைப் பானையில் போட்டு வைக்கலாம். மண்ணெண்ணெயைக் கேனில் ஊற்றி வைக்கலாம். மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. பேட்டரியில் கொஞ்சம் சேர்க்கலாம். நாடு முழுவதற்கும் சேர்த்து வைக்கும் அளவுக்கு இன்னும் பேட்டரிகள் இல்லை. ஆகவே மின்சாரம் பிறந்த நொடியிலேயே யாராவது அதைச் செலவு செய்தாக வேண்டும். பிறந்த இடத்துக்கும் செலவாகும் இடத்துக்கும் நடுவே வழி வேண்டும். வழி இல்லை என்றால் அந்த மின்சாரம் இருந்தும் பயன் இல்லை.

நம் நாட்டில் நிலக்கரி அதிகம் கிடைப்பது ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம். வேகமாக ஓடும் ஆறுகள் இமயமலையில் இருக்கின்றன. நல்ல வெயில் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அடிக்கிறது. நல்ல காற்று குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வீசுகிறது. ஆனால் ஆலைகளும் பெரிய நகரங்களும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. நிலக்கரியையாவது ரயிலில் ஏற்றி அனுப்பலாம். வெயிலையும் காற்றையும் எந்த ரயிலில் ஏற்றுவது? அவை இருக்கும் இடத்திலேயே மின்சாரம் எடுக்க வேண்டும். பிறகு கம்பி வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிய கோபுரம்?

வயல் நடுவே இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வரும் கம்பி சின்னக் கம்பத்தில் வருகிறது. இதற்கு மட்டும் ஏன் அவ்வளவு உயரம்?

கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு நமக்கு நஷ்டம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்கு ஆகும். ஆகவே ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைத்தும் அதே அளவு மின்சாரத்தை அனுப்ப வேண்டும் என்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இந்த அழுத்தத்தைத்தான் வோல்ட் என்று சொல்கிறோம். நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட். பெரிய கோபுரங்களில் ஓடுவது 4 லட்சம் வோல்ட். சிலவற்றில் 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட். அந்தக் கம்பியைத் தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே ஆபத்து. அதனால்தான் அதை உயரத்தில் கட்டுகிறார்கள். கம்பிக்குக் கீழேயும் இரு பக்கமும் அகலமாக இடம் விடுகிறார்கள். இந்த நீண்ட இடத்துக்கு மின் வழித்தடம் என்று பெயர்.

சாலையில் போகும் வண்டிகளுக்கு அளவு உண்டு. அதுபோல ஒவ்வொரு வழித்தடத்துக்கும் அளவு உண்டு. அளவுக்கு மேல் அனுப்பினால் கம்பி சூடேறித் தொய்யும். தொய்ந்த கம்பி மரத்தை நெருங்கும். அப்போது தீப்பொறி பறக்கும். பாதுகாப்புக் கருவி உடனே கம்பியைத் துண்டித்துவிடும்.

சாலைக்கும் கம்பிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாலையில் கூட்டம் இருந்தால் வண்டி நின்று காத்திருக்கும். மின்சாரம் காத்திருக்காது. ஒரு கம்பி அறுந்தால், அதில் போன மின்சாரம் முழுவதும் அந்த நொடியே பக்கத்துக் கம்பிகளுக்குத் தாவும். அவையும் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவையும் துண்டிக்கப்படும். பிறகு அடுத்தவை. அதனால் கம்பிகளை முழு அளவுக்கு நிரப்பி ஓட்டுவது கிடையாது. ஏதாவது ஒரு கம்பி போனாலும் மற்றவை தாங்க வேண்டும் என்று இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா ஒரு முறை பார்த்தது.

2012 ஜூலை

2012-ஆம் ஆண்டு ஜூலை 30. அதிகாலை 2 மணி 33 நிமிடம். வட இந்தியா முழுவதும் விளக்கு அணைந்தது. டில்லி, பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், காஷ்மீர் எல்லாம் இருட்டு. ரயில்கள் நடுவழியில் நின்றன. பகலுக்குள் மெல்ல மெல்ல மின்சாரம் திரும்பியது.

மறுநாள் ஜூலை 31. பகல் 1 மணி. மீண்டும் விழுந்தது. இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. டில்லியில் மெட்ரோ ரயில் சுரங்கப் பாதையில் நின்றது. கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். லிப்ட் ஓடவில்லை. பிறகு பத்திரமாக மேலே கொண்டுவந்தார்கள். அன்று மின்சாரம் இழந்த பகுதிகளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழ்ந்தார்கள். உலகத்தில் இத்தனை பேரை இருட்டில் தள்ளிய மின்தடை அதற்கு முன் நடந்ததில்லை.

காரணம் என்ன? மத்தியப் பிரதேசத்தில் பீனா, குவாலியர் என்று இரண்டு ஊர்கள் உண்டு. மேற்கிலிருந்து வடக்குக்கு மின்சாரம் போகும் முக்கிய வழி அவற்றின் நடுவே இருக்கிறது. அங்கே ஒரு கம்பியை மேம்படுத்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பழுது பார்ப்பதற்காக வேறு பல கம்பிகளும் அப்போது நிறுத்தத்தில் இருந்தன. வட மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கியதைவிட அதிகம் எடுத்தன. மேற்கிலிருந்து அதிகம் வந்துகொண்டிருந்தது. மீதி இருந்த ஒரே கம்பியில் பாரம் ஏறியது. அதன் பாதுகாப்புக் கருவி அந்தப் பாரத்தையே பழுது என்று எடுத்துக்கொண்டது. கம்பியைத் துண்டித்தது. உண்மையில் அங்கே பழுது எதுவும் இல்லை. விசாரணைக் குழு பிறகு இதைச் சொன்னது. அந்த ஒரு கம்பி போனதும் மற்றவை சீட்டுக்கட்டு போலச் சரிந்தன.

அந்த இரண்டு நாளும் தென்னிந்தியாவில் விளக்கு எரிந்தது. தெற்கு தப்பியது எப்படி?

தனியாக இருந்த தெற்கு

ஒரு காலத்தில் நம் நாட்டின் மின்சாரம் ஐந்து தனித்தனிக் குடும்பமாக இருந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு, வடகிழக்கு. ஒவ்வொன்றையும் ஒரு மின் தொகுப்பு என்று சொல்வார்கள். கிரிட் என்பதும் இதுதான். ஒரு தொகுப்பில் உள்ள எல்லா மின் நிலையங்களும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். நம் நாட்டில் அந்தத் தாளம் நொடிக்கு 50. தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒன்றாக அடி எடுத்து வைப்பது போல இது. ஒரு பக்கம் தடுமாறினால் மறு பக்கமும் தடுமாறும்.

1991-ல் கிழக்கும் வடகிழக்கும் ஒன்றாயின. 2003-ல் மேற்கு சேர்ந்தது. 2006-ல் வடக்கு சேர்ந்தது. தெற்கு மட்டும் தனியாக நின்றது. மற்ற பகுதிகளிலிருந்து தெற்குக்கு மின்சாரம் வராமல் இல்லை. ஒடிசாவில் உள்ள தால்ச்சேரிலிருந்து கர்நாடகத்தில் உள்ள கோலாருக்கு 2003-ல் ஒரு நீண்ட கம்பி போட்டார்கள். அது வேறு வகைக் கம்பி. டி.சி. கம்பி என்று பெயர். இரண்டு குளங்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டினால் ஒன்றில் நீர் குறையும்போது மற்றதிலும் குறையும். வாய்க்காலுக்குப் பதில் மோட்டார் வைத்து இறைத்தால், எவ்வளவு வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம். ஒரு குளம் வற்றினாலும் மற்றது வற்றாது. டி.சி. கம்பி இந்த மோட்டாரைப் போன்றது. அதனால்தான் 2012-ல் வடக்கு விழுந்தபோது தெற்கு விழவில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு தெற்கு ஒரு விலை கொடுத்தது. அதே 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தட்டுப்பாடு. சிறு பட்டறைகள் மூடிக் கிடந்தன. விசைத்தறிக்காரர்கள் ராத்திரி எந்த நேரம் கரண்ட் வரும் என்று விழித்திருந்தார்கள். சொந்த மின் நிலையங்கள் போதவில்லை, புதியவை தாமதமாயின. அது முதல் காரணம். இன்னொரு காரணம் வழி. பிற மாநிலங்களில் விற்பனைக்கு மின்சாரம் இருந்த நேரத்திலும் அதைத் தெற்குக்குக் கொண்டுவர வழி போதவில்லை.

மின்சாரத்துக்கும் சந்தை உண்டு. 2008 முதல் நடக்கிறது. காய்கறி ஏலம் போல அதிலும் விற்பவர் விலை சொல்வார், வாங்குபவர் விலை சொல்வார். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பாலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் தக்காளி குவிந்து கிடக்கிறது. இந்தக் கரையில் தட்டுப்பாடு. பாலம் குறுகல். பத்து வண்டிதான் போகலாம். அப்போது அந்தக் கரையில் விலை விழும். இந்தக் கரையில் விலை ஏறும். தெற்கின் கதை இதுதான். பல நாட்கள் சந்தையில் தெற்குக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை. தெற்கின் விலைதான் அதிகம். இந்த நிலைமைக்கு நெரிசல் என்று பெயர். நெரிசலின் செலவு மின் வாரியத்தின் கணக்கில் ஏறும். பிறகு யார் தலையில் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2013-ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் நடுவே 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட் கம்பி இணைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 208 கிலோமீட்டர். அன்று முதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு, ஒரே தாளம். செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. ஆனால் நெரிசல் மறுநாளே தீரவில்லை. கதவு திறந்தது, கதவு சிறியது. மேலும் சில பெரிய கம்பிகள் போட மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகுதான் விலை வேறுபாடு பெரிதும் குறைந்தது.

பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை ஒரு டி.சி. கம்பி வந்தது. நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர். 6,000 மெகாவாட் தாங்கும். 2020-லும் 2021-லும் பகுதி பகுதியாக ஓடத் தொடங்கியது. வடக்கே நிலக்கரியில் எடுத்த மின்சாரம் இதில் தெற்கே வரும். ஆடிக் காற்று பலமாக வீசும் காலத்தில் தெற்கின் காற்றாலை மின்சாரம் இதே வழியில் வடக்கே போகவும் முடியும்.

இப்போது நெரிசல் எங்கே?

நெரிசல் இப்போது இடம் மாறியிருக்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போயிருக்கிறது.

அங்கே பாட்லா என்று ஓர் இடம். ஜோத்பூருக்கு வடக்கே. மழை மிகக் குறைவு. புழுதிக் காற்று அடிக்கும். ஆடு மேய்ப்பவர்கள் தவிர வெளியாட்கள் அதிகம் போகாத ஊர். இன்று அங்கே ஏறத்தாழ 14,000 ஏக்கரில் சூரியத் தகடுகள் பரந்து கிடக்கின்றன. 2,245 மெகாவாட் எடுக்கலாம். இதுபோன்ற மின் நிலையங்கள் ஜெய்சல்மேர், பிகானேர் மாவட்டங்களிலும் வந்துவிட்டன. இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.

இங்கேதான் சிக்கல். சூரியத் தகடுகளை ஒன்று, ஒன்றரை ஆண்டில் நட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி போட மூன்று ஆண்டு ஆகலாம், நான்கும் ஆகலாம். வழியில் ஆயிரம் பேரின் நிலம் இருக்கும். காடு இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ரயில் பாதையைத் தாண்ட ரயில்வேயின் அனுமதி வேண்டும். பெரிய மின்மாற்றிகளைச் செய்து தர ஆலைகள் நீண்ட தவணை கேட்கின்றன. இப்படி மின் நிலையம் முதலில் தயாராகிவிடுகிறது. வழி பின்னால் வருகிறது.

2025-ல் ராஜஸ்தானில் இது கண்கூடாகத் தெரிந்தது. நடுப்பகலில் வெயில் உச்சியில் இருக்கும்போது பல ஆயிரம் மெகாவாட் மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவு போனது. ரயிலில் முன்பதிவு செய்தவருக்கு இருக்கை உண்டு. முன்பதிவு இல்லாதவர் இடம் இருந்தால் ஏறலாம். கூட்டம் வந்தால் இறங்க வேண்டும். வழித்தடத்திலும் அப்படித்தான். நிரந்தர அனுமதி பெற்ற நிலையம் அனுப்பலாம். தற்காலிக அனுமதி பெற்ற நிலையம் முதலில் நிறுத்தப்படும்.

இதன் நஷ்டம் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழு அளவில் ஓடினால் 1,000 யூனிட் கிடைக்கும். 1,000 மெகாவாட் ஒரு மணி நேரம் நின்றால் 10 லட்சம் யூனிட் போகும். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 10,000 வீடுகளுக்கு ஒரு மாதம் போதுமான மின்சாரம் அது. ஒரே மணி நேரத்தில் போய்விட்டது. நிலக்கரியாவது மறுநாள் எரிக்கக் கிடங்கில் இருக்கும். அன்றைய வெயில் அன்றோடு சரி.

வழியைத் திட்டமிடுவது யார்?

எந்த ஊரில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், எங்கே எவ்வளவு கிடைக்கும் என்று பல ஆண்டுகள் முன்னதாகவே கணக்குப் போட வேண்டும். மத்திய அரசில் மத்திய மின்சார ஆணையம் இந்த வேலையைச் செய்கிறது. மாநிலத்துக்கு உள்ளே ஓடும் கம்பிகளை மாநில நிறுவனங்கள் கவனிக்கின்றன. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கம்பிகளில் பெரும்பாலானவை பவர் கிரிட் என்ற மத்திய அரசு நிறுவனத்துடையவை. இப்போது டெண்டரில் வென்ற தனியார் நிறுவனங்களும் கட்டுகின்றன. கட்டுகிற செலவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மின் கட்டணத்தில் சேரும்.

திட்டமிடுவோர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார்கள். முன்கூட்டியே கம்பி போட்டால், மின் நிலையம் வராமல் போனால், கம்பி சும்மா தொங்கும். அதற்கும் மக்கள்தான் பணம் கட்ட வேண்டும். மின் நிலையம் வந்த பிறகு போடலாம் என்று காத்திருந்தால், ராஜஸ்தானில் நடந்ததுதான் நடக்கும். சும்மா தொங்கும் கம்பி சில ஆண்டுகளில் நிறைந்துவிடும். வீணான வெயில் திரும்பி வராது. ஆகவே வழியை முதலில் போடுவதே மேல் என்ற பக்கம் அரசின் திட்டங்கள் சாய்ந்திருக்கின்றன.

2015-ல் பசுமை மின் வழித்தடம் என்ற திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. காற்றும் வெயிலும் அதிகம் உள்ள எட்டு மாநிலங்கள் அதில் இருந்தன. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. 2022-ல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. 2024 அக்டோபரில் வந்த தேசியத் திட்டம் இவற்றையெல்லாம்விடப் பெரியது. 2032 வரைக்கும் 9 லட்சத்து 15 ஆயிரம் கோடி ரூபாய் செலவாகும் என்று அது சொல்கிறது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு 1 லட்சத்து 19 ஆயிரம் மெகாவாட் அனுப்பும் வழி அப்போது இருந்தது. அதை 1 லட்சத்து 68 ஆயிரம் மெகாவாட்டாக உயர்த்த வேண்டும் என்பது இலக்கு. புதுக் கோபுரம் நடாமலே கொஞ்சம் சமாளிக்கவும் வழி உண்டு. பழைய கம்பியை எடுத்துவிட்டு அதிக பாரம் தாங்கும் கம்பியைக் கட்டலாம். சூரிய நிலையத்தின் பக்கத்திலேயே பெரிய பேட்டரிகளை வைத்து, பகல் மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்கலாம். இவை இரண்டும் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் புதிய கோபுரங்கள் வேண்டும். நிறைய வேண்டும்.

கோபுரம் நிற்பது யார் நிலத்தில்?

டில்லியில் வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு யாரோ ஒருவருடைய கடலை வயலின் மேல் போகிறது. யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பின் மேல் போகிறது.

4 லட்சம் வோல்ட் கம்பிக்கு வழித்தடம் 46 மீட்டர் அகலம். 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட் இரட்டைக் கம்பிக்கு 67 மீட்டர் அகலம். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ பதினாறரை ஏக்கர் நிலம் கம்பியின் அடியில் வருகிறது. அந்த நிலத்தை அரசு வாங்குவது இல்லை. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். நெல் நடலாம், கடலை போடலாம். தென்னை வைக்கக் கூடாது. தேக்கு வைக்கக் கூடாது. வீடு கட்டக் கூடாது. விற்கப் போனால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். வங்கியில் அடமானம் வைக்கப் போனாலும் அந்தக் கம்பி கண்ணில் படும்.

வேண்டாம் என்று விவசாயி மறுக்க முடியுமா? எளிதில் முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில், 1885-ல், தந்திக் கம்பம் நடுவதற்காக ஒரு சட்டம் எழுதினார்கள். நிலத்தை வாங்காமலே அதில் கம்பம் நட அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதே அதிகாரத்தை மின் கோபுரத்துக்கும் கொடுக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சொன்னது. தந்திக் கம்பம் ஒரு முழ இடத்தை எடுத்தது. மின் கோபுரம் நான்கு காலையும் அகட்டி நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் என்பது பொருந்தவில்லை. பல காலம் பயிருக்கும் மரத்துக்கும் மட்டும்தான் பணம் கிடைத்தது. நிலத்தின் மதிப்பு குறைந்ததற்கு ஒன்றும் இல்லை.

நாட்டின் பல இடங்களில் விவசாயிகள் போராடினார்கள். ராய்கர் – புகளூர் கம்பி வந்தபோது ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலை ஓரமாகப் பூமிக்கு அடியில் கம்பியைப் பதியுங்கள் என்று கேட்டார்கள். அப்படிப் பதிக்கச் செலவு பல மடங்கு ஆகும் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

2015-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம். கம்பிக்குக் கீழே உள்ள இடத்துக்கு அதிக அளவாக 15 சதவீதம். 2024 ஜூனில் இது மாறியது. கோபுர இடத்துக்கு நில மதிப்பைப் போல இரண்டு மடங்கு. கம்பியின் கீழ் உள்ள இடத்துக்கு 30 சதவீதம். 2025-ல் நகரப் பகுதிகளுக்கு இன்னும் கூட்டினார்கள். பயிருக்கும் மரத்துக்கும் தருவது தனிக் கணக்கு.

எடுத்துக்காட்டாக, ஒரு சென்ட் 10,000 ரூபாய் பெறும் நிலம் என்று வைப்போம். கோபுரம் ஐந்தரை சென்ட் இடத்தில் நிற்கிறது. நிலத்தின் மதிப்பு 55,000 ரூபாய். பழைய கணக்கில் 46,750 ரூபாய் கிடைக்கும். புதிய கணக்கில் 1,10,000 ரூபாய். அதே வயலில் 165 சென்ட் கம்பியின் அடியில் வருகிறது. அதன் மதிப்பு 16,50,000 ரூபாய். பழைய கணக்கில் அதிகம் போனால் 2,47,500 ரூபாய். புதிய கணக்கில் 4,95,000 ரூபாய். பெரிய பணம் எதற்கு வருகிறது என்று பாருங்கள். கோபுரத்துக்கு அல்ல, கம்பியின் அடிக்குத்தான். கோபுரத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விடக் கூடாது. மாநில அரசுகள் தங்களுக்கென்று தனி விதி எழுதலாம். ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறும்.

பட்டா இருப்பவருக்கு இந்தக் கணக்காவது உண்டு. ஜெய்சல்மேர் பக்கம் ஓரண் என்று சொல்லும் நிலங்கள் இருக்கின்றன. ஊர்த் தெய்வத்தின் பெயரில் விடப்பட்ட மேய்ச்சல் காடு அது. அங்கே மரத்தை வெட்ட மாட்டார்கள். ஆடும் ஒட்டகமும் அங்கேதான் மேயும். அரசின் பதிவேட்டில் பல ஓரண்கள் தரிசு என்று எழுதப்பட்டிருக்கின்றன. தரிசு என்று எழுதினால் சூரிய நிலையத்துக்குக் கொடுக்கலாம், கோபுரமும் நடலாம். இழப்பீட்டைக் கேட்க எவரிடமும் பட்டா இல்லை. அந்த ஊர் மக்கள், ஓரணை ஓரண் என்றே பதிவேட்டில் எழுதுங்கள் என்று கேட்டுப் பல நாள் நடை நடந்து, மனுக் கொடுத்து வருகிறார்கள்.

அதே பாலைவனத்தில் கானமயில் என்ற பெரிய பறவை வாழ்கிறது. நாட்டில் மீதி இருப்பவை ஏறத்தாழ 150. உடல் கனமானது. நேர் முன்னால் இருப்பதை அதன் கண் சரியாகப் பார்க்காது. பறக்கும்போது கம்பியில் மோதிச் சாகிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடத்தில் கம்பிகளைப் பூமிக்கு அடியில் பதிக்கச் சொன்னது. மிக உயர்ந்த அழுத்தக் கம்பியை அவ்வளவு தூரம் பதிப்பது கடினம் என்று அரசு சொன்னது. 2024-ல் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது. நல்ல காற்றுக்காகவும் நல்ல வானத்துக்காகவும் எடுக்கும் மின்சாரம் ஒரு பறவை இனத்தையே முடித்துவிடுமோ என்ற கவலை இன்னும் தீரவில்லை.

ஊருக்குக் கம்பி வருகிறது என்பது எப்படித் தெரியும்?

மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெரிய கம்பி என்றால் முதலில் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். எந்தெந்த மாவட்டம், எந்தெந்த ஊர் வழியாகக் கம்பி போகும் என்று அதில் பெயர்கள் வரிசையாக இருக்கும். சிறிய எழுத்து. விளம்பரம் போல ஒரு மூலையில் கிடக்கும். கருத்துச் சொல்ல வழக்கமாக இரண்டு மாதத் தவணை உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்க முடியும். கோபுரத்துக்குக் குழி தோண்டிய பிறகு கோடு நகராது. பிறகு இழப்பீட்டுப் பேச்சுதான்.

இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வதில் மாவட்ட ஆட்சியருக்குப் பொறுப்பு உண்டு. அளக்க ஆட்கள் வருவார்கள். மரங்களை எண்ணுவார்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். தென்னை எத்தனை, வேம்பு எத்தனை என்று நாமே ஒரு முறை எண்ணி, தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளுக்கு ஒரு நகல் வாங்க வேண்டும். நிலத்தின் அளவு அதில் சதுர மீட்டரில் இருக்கும். நாம் சென்ட்டில் பேசுவோம். 40 சதுர மீட்டரும் கொஞ்சமும் சேர்ந்தால் ஒரு சென்ட். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு ஏக்கர். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.